மாரிச்சாமியை ஏன் முதலில் எடுத்தேன்

எங்கள் வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் கால்பந்து லீக்குக்கு இந்த வருஷம் ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், சிவகாசி அச்சு, கேட்கவே வேண்டாம். நடுப்பக்கத்தில், இதுவரை நடந்த ஆளெடுப்புகளில் சிறந்தவை எவை, மோசமானவை எவை என்று ஒரு வரிசை இருக்கிறது. மோசமானவற்றில் முதலிடம் எனக்கு. 'முதல் சுற்று, முதல் தேர்வு: மாரிச்சாமி. எடுத்தவர்: மஞ்சள் அணி மேலாளர் யாசின்' என்று என் படத்தோடு போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் முடி இருந்த காலத்துப் படத்தையாவது தேடியிருக்கலாம்.

மலர் தயாரித்த பிள்ளைகள் ஃபோன் பண்ணி, "சார், கோவிச்சுக்காதீங்க, சும்மா ஜாலிக்குத்தான்" என்றார்கள். கோபம் இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது. "அப்புறம் ஏன் சார் டேவிட்டை விட்டீங்க?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். இப்போது மஞ்சள் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவள் அவள்தான். ஓடுகிற தூரம், பாஸ் கணக்கு எல்லாம் மடிக்கணினியில் வைத்திருக்கிறாள். நல்ல பெண், வேலை தெரிந்தவள். ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. வத்தல் நெடியில் தும்மித் தும்மியே வளர்ந்தவன். கல்லூரியில் இடது ஓரத்தில் ஆடினேன், முழங்கால் போனது, சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். கம்பெனிக்குக் கால்பந்து டீம் வந்தபோது, பந்து வட்டமா சதுரமா என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று என்னை மேலாளராகப் போட்டுவிட்டார்கள். ரிட்டையர் ஆகும் வரை அதுதான் வேலை.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடும்பம் பட்டாசுக்கு வருமுன் விருதுநகரில் பருப்பு, பயறு வியாபாரம் செய்தது. பந்தாட்டம் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மூட்டையைப் பார்க்கத் தெரியும். பயறு மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அவர் மேலே குத்தமாட்டார். மூட்டையின் அடியில்தான் குத்துவார். மேலே இருப்பதெல்லாம் நல்ல பயறாகத்தான் இருக்கும் என்பார். ஆட்டக்காரனையும் அப்படித்தான் பார்த்தார். பந்தை வைத்துக்கொண்டு ஒருவன் வித்தை காட்டும்போது அண்ணாச்சி கடலை உரித்துக்கொண்டிருப்பார். பந்தைப் பறிகொடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"பறிச்சவன் பின்னாடி ஓடுறானா, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நம்மளப் பாக்கானா? அதச் சொல்லுங்க பாய்" என்பார்.

ஒப்பந்தத்திலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஆட்டக்காரரை ஆபீசுக்கு வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கக்கூடாது. நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் என்ன கொடுத்தாலும் சாப்பிட வேண்டும். வீட்டுப் பெண்கள் எதிரில் ஒவ்வொரு ஷரத்தாக நான் சத்தமாக வாசிக்க வேண்டும். "ஆடுறவன் கேக்கமாட்டான். அவனுக்குக் கையெழுத்துப் போடுற அவசரம். வீட்டுல இருக்கவுகதான் கேப்பாக" என்பது அவர் எண்ணம். மற்றக் கம்பெனிக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்களிடம் கையெழுத்துப் போட்ட ஒருவரும் நடுவில் ஓடிப்போனதில்லை என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஒப்பந்தக் காலத்தில் ஆட்டக்காரரை மருந்து ரூம் வேலைக்கு அனுப்பக்கூடாது. பட்டாசுக்கான மருந்தைக் கலக்கிற அறை அது. வெயில் ஏறுமுன் கலந்து முடித்துவிட வேண்டும், ஒரு சின்ன உரசல் கூட ஆகாது. வெளியே வரும் ஆட்கள் தலைமுதல் கால்வரை வெள்ளிப் பொடி அப்பி, கோயில் சிலை மாதிரி வருவார்கள். இந்த ஷரத்து இரக்கத்தில் பிறந்ததல்ல. மருந்து ரூம் ஆட்களுக்கு இடைவேளைக்குப் பிறகு மூச்சு வாங்கியது, அதனால் கோல் வாங்கினோம், அதனால் ஷரத்து வந்தது. எப்படி வந்தாலும் சரி, அடுத்த தீபாவளி வரை அந்த ஆள் பேக்கிங்கிலோ லோடு பிரிவிலோ இருப்பார்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின லீக்கில் எங்கள் மஞ்சள் அணி கடைசி. கடைசியாக வந்தவருக்கு ஆளெடுப்பில் முதல் சீட்டு. தீபாவளி முடிந்து, லீவு கழிந்து, கம்பெனிகள் பூஜை போட்டுத் திறந்ததும் ஆளெடுப்பு நடக்கும். ஒவ்வொரு அணியும் வேண்டிய சிலரை நிறுத்திக்கொண்டு மற்றவர்களை விடுவிக்கும். விட்டவர்களும் புதியவர்களும் ஒரே பொதுப் பட்டியலில் வருவார்கள். மேலாளர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். அந்த வருஷப் பட்டியலில் சாத்தூர் டேவிட் இருந்தான். ஃபார்வர்ட். இரண்டு காலிலும் அடிப்பான், பந்து போனால் நாய் மாதிரித் துரத்துவான். அண்ணாச்சியே கடலையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்த ஆள். முதல் சீட்டு எங்களுடையது, டேவிட் எங்களுடையவன் என்று டீக்கடை வரைக்கும் முடிவாகிவிட்டது.

அந்த வருஷம் ஒரு புது விதியும் வந்தது. முப்பது வயது தாண்டியவரை முதல் சுற்றில் மட்டும்தான் எடுக்கலாம். கடைசிச் சுற்றுகளில் பழைய ஆட்களைக் கொண்டு ரொப்பிக்கொண்டு இளைஞர்களை வெளியே நிறுத்துகிறார்கள் என்று போட்ட விதி. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். நானும் கை தூக்கினேன்.

ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் இளம் கோல்கீப்பர் ஒருவனைப் பார்க்க அண்ணாச்சியும் நானும் காரில் போயிருந்தோம். பையன் தேறவில்லை. திரும்பும்போது ஒருவர் சைக்கிளில் வந்து காரை மறித்தார். மாரிச்சாமி. நீலச்சட்டைக் கம்பெனியின் பழைய பேக், முப்பதைத் தாண்டிவிட்ட தடுப்பாட்டக்காரர். எத்தனையோ ஆட்டத்தில் எங்கள் ஆட்களை அந்த மனுஷன் தாண்ட விட்டதில்லை. இரும்புக் கதவு என்று நான்தான் அவருக்குப் பட்டம் வைத்திருந்தேன்.

"நம்ம ஊரு வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போறீகளே" என்றார்.

போனோம். அவர் மனைவி செல்வி காரச்சேவும் கடுங்காப்பியும் கொண்டுவந்து வைத்தார். மாரிச்சாமி பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசினார். என் ஆள் ஒருவனின் மூக்கு உடைந்த கதையை என்னிடமே சிரித்துச் சொன்னார். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோது இடது காலை இழுத்து வைத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் கவனித்ததையும் பார்த்தேன்.

"நீலச்சட்டையில நிறுத்தலையாமே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. முட்டி முன்ன மாதிரி இல்லைல்ல. அது நியாயந்தான். திங்கக்கிழம மருந்து ரூமுக்கு வரச்சொல்லிட்டாக."

"பேக்கிங்ல கேக்கலாம்ல?"

"மருந்து கலக்கத் தெரிஞ்ச ஆளு அண்ணாச்சி நானு. அந்தக் கைய வச்சுக்கிட்டு லேபிள் ஒட்ட எந்தக் கம்பெனியில விடுவாக? போர்மேன் இம்புட்டு வருசமாக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. டீம்ல இருந்ததால தப்பிச்சேன்."

அதுவரை கதவோரம் நின்ற செல்வி என்னைப் பார்த்துப் பேசினார். "அண்ணே, எங்க அண்ணன் மருந்து ரூம்லதான் போனான். வெடிச்சதுல மிஞ்சுனதக் கலயம் மாதிரி துணியில கட்டித்தான் குடுத்தாக. இவரு ஆட வேணாம்ணே. ஓரமா உக்கார வச்சாக்கூடப் போதும். உங்க டீம்ல பேரு இருந்தாப் போதும்."

மாரிச்சாமி, "ஏட்டி, சும்மா இரு" என்று அதட்டினார். அந்த அதட்டலில் பலமே இல்லை. நான் காரச்சேவுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணாச்சி மட்டும் தட்டிலிருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டு முடித்துக் கும்பிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை வாக்குக் கொடுக்கவில்லை.

காரில் போகும்போது சொன்னார். "பாய், மனசுல எதையும் போட்டுக் கொழப்பிக்கிடாதீக. அடுத்தவுக கம்பெனி ஆள ஆளெடுப்பு வழியாத்தான் எடுக்கலாம், விதி உங்களுக்குத் தெரியும். அவர எடுக்கணும்னா முதல் சீட்டத் தரணும். நம்ம டேவிட்டத்தான் எடுக்கோம்."

"தெரியும் அண்ணாச்சி" என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அப்போது என் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை என்ன வேலை, எந்த இடத்தில் வேலை என்று நான் துருவித் துருவி விசாரித்துக்கொண்டிருந்த நேரம். செல்வியிடம் அவர் கல்யாணத்தின்போது அப்படி யாரும் விசாரித்துச் சொல்லியிருப்பார்களா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளெடுப்பு அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேலாளர்கள் முன்வரிசை மேசையில் இருப்பார்கள். முதலாளிகள் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் பேசக்கூடாது. முன்பு ஒருமுறை இரண்டு முதலாளிகள் சத்தம் போட்டுச் சண்டையாகிவிட்டதால் வந்த கட்டுப்பாடு. அண்ணாச்சி அதற்கு வழி வைத்திருந்தார். மண்டியில் விலை பேசுகிறவர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. மண்டிக்காரன் மகனான எனக்கும் அந்தப் பேச்சு வரும். அதனால் மூன்று பெயரை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வோம். மேசைக்குக் கீழே எங்கள் கைகள் மேல் அண்ணாச்சியின் துண்டு கிடக்கும். ஒரு விரல் பிடித்தால் முதல் பெயர், இரண்டு என்றால் இரண்டாவது. பேசக்கூடாது என்றுதான் விதியில் இருந்தது. விரல் பிடிக்கக்கூடாது என்று இல்லை.

அன்றைக்கு முதல் சீட்டே எங்களுடையது, மூன்று பெயருக்கு அவசியமே இல்லை. ஆனாலும் அண்ணாச்சி மூன்று பெயர் இல்லாமல் வரமாட்டார். ஒன்று டேவிட். இரண்டு விருதுநகர் பையன் ஒருவன். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மூணு மாரிச்சாமி" என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மணி அடித்தார்கள். "முதல் தேர்வு, மஞ்சள் அணி" என்றார் நடத்துநர். துண்டுக்குள் அண்ணாச்சி என் கையில் ஒரு விரலைப் பிடித்தார். நான் அவர் கையைப் பிடித்து மூன்று விரலைச் சேர்த்து அழுத்தினேன். அவர் உதறிவிட்டு மறுபடி ஒரு விரலைப் பிடித்தார், இந்தத் தடவை வலிக்கிற மாதிரி. மறுபடியும் மூன்றை அழுத்தினேன். முதலாளியிடம் நான் அப்படி நடந்துகொண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெளியே பார்த்தால் இரண்டு பெரிய மனிதர்கள் நேராக உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே மல்லுக்கட்டு நடக்கிறது. "மஞ்சள் அணி?" என்று நடத்துநர் இன்னொரு தடவை கேட்டார். நான் மூன்று விரலைப் பிடித்தபடியே இருந்தேன். அண்ணாச்சி கையை உதறவில்லை. இழுக்கவுமில்லை. அப்படியே என் பிடியில் விட்டுவிட்டார். மண்டியில் அப்படிக் கையை விட்டுவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று பொருள்.

"மாரிச்சாமி" என்றேன்.

மண்டபமே சிரித்தது. நீலச்சட்டை மேலாளருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "பாய், நாங்க வேணாம்னு கழிச்ச ஆள முதல் சீட்டக் குடுத்தா வாங்குறீக? கேட்டிருந்தா சும்மாவே தந்திருப்போம்ல!" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த டேவிட்டின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டாவதாகப் பச்சை அணி அவனைக் கொத்திக்கொண்டு போனது. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என்மேல் அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் காரோடு என் வீட்டு வாசலில் நின்றார். "ஒப்பந்தத்த எடுத்துக்கிடுங்க, போவோம்" என்றார்.

மாரிச்சாமி வீட்டில் அதே காரச்சேவு, அதே காப்பி. நான் ஒவ்வொரு ஷரத்தாக வாசித்தேன். மருந்து ரூம் ஷரத்து வந்தது. 'அடுத்த தீபாவளி வரை' என்று வாசித்து நிறுத்தினேன். செல்வி முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"தீபாவளிக்குப் பெறகு?" என்றார் செல்வி.

எத்தனையோ வீடுகளில் அந்த ஷரத்தை வாசித்திருக்கிறேன், ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. ஒரு வருஷ ஆளெடுப்பையே கொட்டிக் கொடுத்து நான் வாங்கியது ஒரே ஒரு வருஷம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "தாயி, நான் பொய் சொல்லமாட்டேன். எங்க கம்பெனியிலயும் மருந்து ரூம் இருக்கு. உள்ள ஆளு இருக்காக. அவுக வீட்டுலயும் இதத்தான் கேப்பாக. அத்தனை பேத்துக்கும் என்கிட்ட பதில் இல்ல" என்றார். அப்புறம் மாரிச்சாமியிடம் திரும்பினார். "ஏலே மாரி, ஒனக்கு ஒரு வருசம் இருக்கு. நாளைலருந்து லோடு வண்டியில ஏறு. டிரைவர் பக்கத்துல உக்காரு. அடுத்த தீபாவளிக்குள்ள லைசென்ஸ் எடுத்துட்டு வந்து என் முன்னால நில்லு. வண்டி தாரேன்."

செல்வி ஒப்பந்தத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதன் பிறகுதான் மாரிச்சாமி கையெழுத்துப் போட்டார்.

அந்த சீசனில் மாரிச்சாமி ஆடியது கொஞ்சம்தான். ஆடியதும் அழகாக இல்லை. லீக்கின் கடைசி ஆட்டத்தில், வராது வந்த பந்தைத் தலையால் முட்டி எங்கள் கோலுக்குள்ளேயே போட்டார். அதனால் மறுபடியும் கடைசி இடம். அதனால் மறுபடியும் முதல் சீட்டு. அந்தச் சீட்டில்தான் ஒரு நடுக்களத்துப் பையனை எடுத்தோம். பிறகு எங்களுக்குக் கோப்பை மேல் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் அவன். மலரில் 'சிறந்த தேர்வு' என்று அவன் பெயர் இருக்கிறது. இந்தக் கணக்கை நான் மாரிச்சாமியிடம் சொன்னபோது, "அப்ப நான் வேணும்னுதான் முட்டுனேன்னு வச்சுக்கிடுங்க" என்றார்.

டேவிட் சென்னைக்குப் போய்ப் பெரிய கிளப்புகளில் ஆடினான். விருதுநகர் ஸ்டேஷனில் ஒருதரம் பார்த்தபோது கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாய், உங்க மேல இருந்த கோவத்துலதான் அந்த வருசம் அம்புட்டு கோல் போட்டேன்" என்றான். அவன் நன்றாக இருக்கிறான் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாரிச்சாமி போக வேண்டியிருந்த அந்த மருந்து ரூமில் அந்த வருஷமும் எதுவும் நடக்கவில்லை, இன்றுவரையும் நடக்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். மாரிச்சாமி உயிரை நான் காப்பாற்றினேன் என்று யாராவது எழுதினால் அது பொய். அவருக்குப் பதிலாக அந்த ரூமுக்கு வேறொருவர் போனார். அவர் வீட்டில் நான் காப்பி குடித்ததில்லை, அவர் பெயர்கூடத் தெரியாது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை துண்டுக்குள் கையை விடச் சொன்னால் அதே மூன்று விரலைத்தான் பிடிப்பேன்.

மாரிச்சாமி லைசென்ஸ் எடுத்தார். லோடு வண்டி ஓட்டி, இப்போது மஞ்சள் அணியின் பஸ்ஸை ஓட்டுகிறார். மலர் வெளிவந்த அன்று அவரிடமிருந்து ஃபோன். "சார், பாத்தீகளா? நம்ம ரெண்டு பேரு பேரும் புஸ்தகத்துல வந்திருக்கு!" என்று ஒரே சந்தோஷம். எந்தத் தலைப்பின் கீழே என்று நான் சொல்லத் தயங்கினேன். "அதெல்லாம் பாத்தேன் சார். மொத ஆளா எடுத்தாகன்னு போட்டிருக்காகல்ல" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த நடுப்பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். 'மோசமானவை' என்ற தலைப்பும் அப்படியே கொட்டை எழுத்தில் தெரிகிறது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. "அந்தத் தலைப்பையாவது வெட்டிட்டு மாட்டியிருக்கலாமே அம்மா" என்றேன்.

செல்வி காரச்சேவுத் தட்டை என் முன்னால் வைத்தார். "வெட்டக்கூடாதுண்ணே. எம்புட்டுப் பேரு சிரிக்கச் சிரிக்க இவர எடுத்தீகன்னு எங்க பிள்ளைகளுக்குத் தெரியணும்ல" என்றார்.